பதிப்பாளர் எழுதலாமா?

புத்தகம் போடுகிறவர் தானும் எழுதலாமா? எழுதினால் அதைத் தன் பதிப்பகத்திலேயே போட்டுக்கொள்ளலாமா? தமிழில் இந்தக் கேள்வியை நேராகக் கேட்பவர்கள் குறைவு. ‘அவருக்கென்ன, சொந்தப் பதிப்பகம் இருக்கிறது, போட்டுக்கொள்கிறார்’ என்று ஒரு பக்கமும், ‘பாவம், பதிப்பகத்தில் இறங்கி எழுத்தையே விட்டுவிட்டார்’ என்று இன்னொரு பக்கமும் முணுமுணுப்பாகத்தான் அது உலவுகிறது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றிச் சொல்லப்படுவதும் உண்டு.

இங்கே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சிறு பதிப்பகம். உரிமையாளரே கைப்பிரதி படித்து, மெய்ப்புப் பார்த்து, காகிதம் வாங்கி, பார்சல் கட்டி, ஜனவரியில் புத்தகக் காட்சி அரங்கில் உட்கார்ந்து பில்லும் போடுகிற அமைப்பு. அப்படிப்பட்டவர் தன் பெயரில் கதையோ கவிதையோ மாதாந்தரப் பத்தியோ எழுதுவது தொழிலுக்கு உதவுகிறதா, எழுத்துக்கு உதவுகிறதா, இரண்டையும் கெடுக்கிறதா என்பதற்கு இருநூறு ஆண்டுகளாகப் பதில்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பல, பதிலளித்தவரின் கடன் பத்திரத்தையோ மனநிறைவையோ ஒட்டியே அமைந்தவை. அதனால் அவற்றைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்ல வேண்டியதற்காக வாங்கிய அச்சகம்

முதல் நிலைப்பாடு மிகப் பழையது: சொல்ல ஏதாவது இருப்பவன் அச்சகத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போனது அச்சு இயந்திரம் வாங்குவதற்காக. முந்தைய ஆண்டுதான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டும். மிஷனரிகளின் துண்டுப் பிரசுரங்களுக்குப் பதிலும் வேண்டும். வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அந்த அச்சகத்திலிருந்து அவர் எழுதிய பாலபாடமும் வந்தது, பழைய நூல்களின் பிழையற்ற பதிப்புகளும் வந்தன, சூடான கண்டனங்களும் வந்தன. எழுத்தாளர் வேறு, பதிப்பாசிரியர் வேறு, முதலாளி வேறு என்ற பாகுபாடு அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் பாரதியிடம் தெரிகிறது. 1920இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, வட்டிக்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை சர்வசாதாரணமாக விலைபோகும் என்பது அவர் கணக்கு. பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். நாவலருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் சைவ அன்பர்களும் இருந்தார்கள்; பாரதிக்கு வாசகர் வருவார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. இருவருக்கும் நடுவில் உ.வே.சாமிநாதையரை வைக்கலாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கையொப்பமிட்டு ஆதரித்தவர்களை நம்பினார். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டத்துக்கு அதுதான் பாட்டன். சொல்ல இருப்பதும் அச்சகம் இருப்பதும் போதாது, வாங்குகிறவர் பட்டியலும் முன்கூட்டியே வேண்டும் என்பது இந்த மூன்று பேரிடமிருந்தும் தெரிகிற ஒன்று.

திவாலானவர்களின் சாட்சி

இரண்டாவது நிலைப்பாடு எச்சரிக்கை: எழுதுகிறவன் பதிப்புத் தொழிலுக்குப் போகக் கூடாது. இதற்குச் சாட்சிகளாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வால்டர் ஸ்காட் பாலன்டைன் அச்சகத்தில் வெளியே சொல்லாத பங்காளி. 1826 நிதி நெருக்கடியில் அச்சகமும், அவருடைய பதிப்பாளரான கான்ஸ்டபிளும் சேர்ந்து விழுந்தபோது ஏறத்தாழ 1,20,000 பவுண்டு கடன் அவர் தலையில் விழுந்தது. அதை அடைக்க 1832இல் சாகும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். பால்சாக் 1825இல் மோலியேரையும் லா ஃபோந்தேனையும் ஒற்றைத் தொகுதிகளாகப் பதிப்பிக்கத் தொடங்கி, பிறகு அச்சகம், எழுத்து வார்ப்படச்சாலை என்று விரிந்து, 1828இல் எல்லாவற்றையும் இழந்தார். மார்க் ட்வைன் 1884இல் தொடங்கிய சார்லஸ் வெப்ஸ்டர் நிறுவனம் 1894இல் திவாலாயிற்று. கடனை அடைக்க அவர் உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும்கூட வந்து போனார்.

கதைகள் உண்மை. ஆனால் அவை நிரூபிப்பதாகச் சொல்லப்படும் முடிவு அவ்வளவு உறுதியானதல்ல. ஸ்காட்டை வீழ்த்தியது இன்னும் எழுதாத நாவல்களுக்கு உண்டியல் எழுதி வாங்கிய பணமும், அபட்ஸ்ஃபோர்ட் மாளிகைக்காக வாங்கிச் சேர்த்த நிலமும். ட்வைனின் பணத்தை விழுங்கியது பெய்ஜ் என்பவரின் எழுத்துக்கோப்பு இயந்திரமும், தவணைக்கு விற்ற பல தொகுதி நூல்வரிசையும். அதே வெப்ஸ்டர் நிறுவனம்தான் 1885இல் ‘ஹக்கிள்பெரி ஃபின்’னை அமெரிக்காவில் வெளியிட்டது, முன்னாள் அதிபர் கிராண்டின் நினைவுக் குறிப்புகளைப் போட்டு அவர் மனைவிக்கு 2,00,000 டாலருக்குக் காசோலை கொடுத்தது. எழுத்தாளராக இருந்தது இவர்களைக் கெடுத்ததாகச் சொல்ல முடியவில்லை; அளவுக்கு மிஞ்சிய முதலீடு கெடுத்தது. எழுதத் தெரியாத முதலாளிகளும் இதே வழியில் அழிந்திருக்கிறார்கள். பால்சாக் விஷயத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு: ‘இழந்த மாயைகள்’ நாவலில் வரும் அச்சகம், காகிதம், கடன் பத்திரம் பற்றிய நுணுக்கங்கள் அந்த மூன்று ஆண்டு நஷ்டம் இல்லாமல் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். இந்த வகைச் சாட்சியத்தைச் சிறு பதிப்பகத்துக்கு அப்படியே பொருத்துவது சரியாக இராது. இவர்களில் யாரும் சிறிதாக இருக்க விரும்பியவர்கள் அல்ல.

ரிச்மண்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசை

சிறிதாக இருக்க விரும்பியவர்களில் மிகப் புகழ்பெற்றவர்கள் வர்ஜீனியா வுல்ஃபும் லெனார்ட் வுல்ஃபும். 1917இல் ஒரு கையச்சு இயந்திரத்தை வாங்கி, லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் ஹோகார்த் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். முதல் வெளியீட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு கதை, 150 படிகள். வர்ஜீனியாவின் முதல் இரண்டு நாவல்களைப் போட்டவர் அவருடைய தாயின் முதல் மணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்ட் டக்வொர்த். 1922இன் ‘ஜேக்கப்பின் அறை’ முதல் எல்லா நாவல்களும் இங்கிலாந்தில் ஹோகார்த் வெளியீடுகள். எந்தப் பதிப்பாசிரியரின் முகத்தையும் பார்க்க வேண்டாத நிலையில், விரும்பியதை எழுதும் சுதந்திரம் இங்கிலாந்துப் பெண்களில் தனக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது என்ற பொருளில் அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மூன்றாவது நிலைப்பாடு இதுதான்: சொந்தப் பதிப்பகம் எழுத்தாளரை விடுவிக்கிறது. வடிவச் சோதனைகள் செய்கிறவருக்கு இது மறுக்க முடியாத வாதம். டக்வொர்த்திடம் வர்ஜீனியா தன் ‘அலைகள்’ நாவலின் கைப்பிரதியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் போதும். பதிப்பகமும் இதனால் இளைத்துவிடவில்லை. எலியட்டின் ‘பாழ்நில’த்துக்கு வர்ஜீனியா தன் கையால் எழுத்துக் கோத்தார்; ஃபிராய்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அங்கிருந்து வந்தன.

விலையும் இருந்தது. குவியும் கைப்பிரதிகளைப் படிப்பது, பார்சல் கட்டுவது, வேலைக்கு வந்து வந்து விலகும் இளைஞர்கள் என்று வர்ஜீனியா சலித்துக்கொண்ட இடங்கள் கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் ஏராளம். 1938இல் தன் பங்கை ஜான் லேமனுக்கு விற்று விலகினார்.

ஆனால் இந்த நிலைப்பாட்டின் ஆழமான பலவீனம் வேலைப்பளு இல்லை என்று தோன்றுகிறது. வர்ஜீனியாவின் கைப்பிரதிகளை முதலில் படித்தவர் லெனார்ட்; பதிப்பகத்துக்கு அவர்தான் தீர்ப்பு. 1937இல் வெளிவந்த ‘வருடங்கள்’ நாவலைப் படித்தபோது அது நன்றாக வந்திருப்பதாக அவர் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனைவியின் மனநிலை குலைந்துவிடும் என்று அஞ்சி, தான் எண்ணியதைவிட அதிகமாகப் புகழ்ந்ததாகப் பிற்பாடு தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். கணவர் செய்ததைக் குறை சொல்ல முடியாது. பதிப்பகத்தின் இடத்திலிருந்து பார்த்தால், ‘இது இன்னும் சரியாக வரவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அன்றைக்கு வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தார். நாவல் நன்றாக விற்றது என்பது வேறு விஷயம்.

பை சுமந்தவர்கள்

தமிழில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தியாகம் என்ற சொல்லால் பதில் சொல்லிவிடுகிறார்கள். சி.சு.செல்லப்பா அதன் அடையாளம். 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்தினார். எழுத்து பிரசுரம் ந.பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, புதுக்கவிதைக்கு முகம் கொடுத்த ‘புதுக் குரல்கள்’ தொகுப்பு ஆகியவற்றோடு செல்லப்பாவின் சொந்த நூல்களையும் கொண்டுவந்தது. புத்தகங்களைப் பைகளில் அடைத்துச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். 1997இல், 85 வயதில், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தன் சலூனிலிருந்தே 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து விற்றவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தியதோடு மல்லிகைப் பந்தல் வெளியீடுகளையும் கொண்டுவந்தார். சிவகங்கையில் கவிஞர் மீரா கல்லூரி ஆசிரியப் பணியோடு அன்னம் பதிப்பகத்தைத் தொடங்கி கி.ராஜநாராயணன் முதலானோரின் நூல்களை அழகான அச்சில் போட்டார்.

இவர்கள் மேல் உள்ள மரியாதையால் இரண்டு விஷயங்கள் பேசப்படாமல் போய்விட்டன. ஒன்று, இவர்களுடைய சொந்த எழுத்து எவ்வளவு இழந்தது என்பது. ஜீவாவின் நூல் வரிசையைப் பாருங்கள்: ‘தண்ணீரும் கண்ணீரும்’, ‘பாதுகை’, ‘சாலையின் திருப்பம்’ ஆகிய மூன்று சிறுகதைத் தொகுதிகளும் 1960களுக்குள் வந்துவிட்டன. அடுத்த தொகுதியான ‘வாழ்வின் தரிசனங்கள்’ வருவது 1982இல். இடைவெளிக்கு மல்லிகை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிறுகதைக்காரர்கள் பலர் இதழ் எதுவும் நடத்தாமலேயே நடுவயதில் ஓய்ந்திருக்கிறார்கள். ஆனால் இதழின் தலையங்கங்களிலும் குறிப்புகளிலும் அவருடைய எழுத்து தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. இழப்பு என்று கணக்கிடும்போது அவற்றைக் கழித்துவிடுவது நியாயமா என்று கேட்கலாம். மீரா விஷயத்திலும் இதே கேள்வி உண்டு: அன்னத்துக்கு முன்னால் வந்த ‘கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்’ தொகுப்பின் மீராவைத்தான் இன்றும் பலர் கவிஞராக நினைக்கிறார்கள்.

இரண்டாவது, சொந்தப் பதிப்பகம் இவர்கள் நூலை வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததா என்பது. எழுத்து பிரசுரமாக வந்த செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நெடுங்காலம் சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தது. விநியோக வலு உள்ள காலச்சுவடு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்த பிறகுதான் அது பரவலாகப் படிக்கப்பட்டது. ஆக, புத்தகம் சாகாமல் பார்த்துக்கொண்டது செல்லப்பா என்ற பதிப்பாளர். அதை நடமாட விட்டது இன்னொரு பதிப்பகம். தியாகம் என்ற ஒரே சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது.

பேசாத பதிப்பாளர்

நேர் எதிரான நிலைப்பாடும் தமிழில் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியாவின் ராமகிருஷ்ணன் இலக்கியச் சூழலுக்குள்ளிருந்து வந்தவர்தான். ‘கசடதபற’ சிற்றிதழ்க் குழுவின் நண்பர். ஆனால் தன் பெயரில் எழுதியது மிகக் குறைவு. ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பது, ஒற்று மிகுமா என்று சண்டை போடுவது, 1992இல் வந்த தற்காலத் தமிழ் அகராதியை 2020இல் மறையும்வரை விரிவாக்கிக்கொண்டிருப்பது என்று முழு உழைப்பும் பிறர் எழுத்துக்கே போயிற்று. பதிப்பாளர் எழுதாமலிருந்தால் அவருடைய தேர்வின் மேல் சந்தேகம் விழாது என்பது இதன் வலு. பலவீனம், ஏன் இந்த நூலைத் தேர்ந்தார், எதை ஏன் விட்டார் என்பதற்குப் பதிவு இல்லாமல் போவது. அவர் ரசனையை நூற்பட்டியலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இத்தாலியின் அடல்ஃபி பதிப்பகத்தை நடத்திய ராபர்த்தோ கலாஸ்ஸோ இதைக் குறையாகவே கருதியிருக்க மாட்டார். ஒரு பதிப்பகத்தின் எல்லா நூல்களும் சேர்ந்து ஒரே பெரும் நூலின் அத்தியாயங்கள், பதிப்பதே ஓர் இலக்கிய வகை என்பது அவர் வாதம். தன் புராண ஆராய்ச்சி நூல்களையும் கூச்சமில்லாமல் அங்கேயே வெளியிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அட்டவணையே படைப்பு என்றால், அதற்குள் பதிப்பாளரின் சொந்த நூல் எந்தத் தகுதியில் நுழைகிறது என்பதை அவரே தீர்மானித்துக்கொள்கிறார். தீர்ப்பும் மனுவும் ஒரே ஆளுடையவை.

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் கண்ட வழி சாதாரணமானது, அதனாலேயே கவனிக்கத் தக்கது. ரேண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக இருந்தபடியே, இரண்டாவது நாவல் முதல் தன் நாவல்களை அதே குழுமத்தின் இன்னொரு பிரிவான நாஃபுக்குக் கொடுத்தார். அங்கே அவற்றைப் பார்த்தவர் ராபர்ட் காட்லிப். பெரிய குழுமத்தில்தான் இது எளிது. சிறு பதிப்பாளர் தன் கைப்பிரதியைப் போட்டியாளரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

எழுத்தாளர் திறக்கும் கடை

கையால் எழுத்துக் கோத்த காலத்தில் 1,000 அல்லது 1,200 படி போட்டால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சு வந்தபின் சில நூறு படிகளோ அதற்கும் குறைவாகவோ போடலாம். இது வாதத்தின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணனின் (க்ரியா ராமகிருஷ்ணன் அல்ல) நூல்கள் தேசாந்திரி பதிப்பகத்திலும், ஜெயமோகனின் நூல்கள் விஷ்ணுபுரம் பதிப்பகத்திலும் வருகின்றன. கவிஞர் மனுஷ்ய புத்திரன் உயிர்மை இதழையும் பதிப்பகத்தையும் நடத்தியபடியே தொடர்ந்து எழுதுகிறார். பெரிய வாசகர் வட்டம் உள்ளவர், பல பதிப்பகங்களில் சிதறிக்கிடக்கும் தன் பழைய நூல்களை ஒரே இடத்தில் அச்சில் வைத்திருக்க விரும்புவது நியாயம். செல்லப்பாவின் சூழ்நிலையோடு இதை ஒப்பிடவே முடியாது. அவர் வாசகரைத் தேடிப் போனார், இங்கே வாசகர் முன்பே இருக்கிறார். இது புதிய ஆட்களுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. கோட்டயத்தில் 1945இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலில் தொடங்கிய சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் இதற்குக் கூட்டாகப் பதில் கண்டது. தமிழில் அந்த வழி அந்த அளவுக்கு வேர்பிடிக்கவில்லை.

ராயல்டி, மதிப்புரை, மௌனம்

மேற்கண்ட நிலைப்பாடுகள் எல்லாவற்றிலும் விட்டுப்போவது கணக்கு. விலை 300 ரூபாய் என்று ஒரு நூலை வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு போனால் கைக்கு வருவது 195. வெளி எழுத்தாளராக இருந்தால் 10 சதவீத ராயல்டியாக 30 ரூபாய் கொடுக்க வேண்டும். மிச்சம் 165இல் காகிதம், அச்சு, பைண்டிங், வாடகை. நூல் தன்னுடையது என்றால் பதிப்பாளர் அந்த 30 ரூபாயைத் தனியே எடுத்து வைப்பதில்லை. எழுதிய நேரத்துக்கும் திருத்திய நேரத்துக்கும் பற்று எழுதுவதில்லை. அதனால் சொந்த நூல் எப்போதும் மற்ற நூல்களைவிட லாபமாகவே தெரியும். எத்தனை பதிப்பாளர்கள் இந்த மாயக் கணக்கை நம்பித் தங்கள் நூல்களை அடுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சுயமோகம் என்று ஏசப்படும் பலவற்றுக்கு இந்த எளிய கணக்குப் பிழையே காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்தது, எழுத முடியாமல் போகிற விஷயங்கள். பதிப்பாளர் தன் எழுத்தாளரின் நூலைப் புகழ்ந்தால் அது விளம்பரம், குறை சொன்னால் துரோகம். போட்டிப் பதிப்பகத்தின் நூலைக் குறை சொன்னால் பொறாமை. விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பதிப்பாளரானதும் முதலில் கைவிடுவது பெரும்பாலும் மதிப்புரையைத்தான். இதன் கூடவே நூலக ஆணை இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு பதிப்பகங்கள் பலவற்றுக்கு அரசு நூலகங்கள் வாங்கும் படிகள்தான் உயிர்நாடி. அந்த ஆணைக்குக் காத்திருப்பவர் தன் பத்தியில் அரசைப் பற்றி எவ்வளவு தாராளமாக எழுதுவார்? யாரும் தடுக்காமலேயே பேனா தயங்க வாய்ப்பு உண்டு. வர்ஜீனியா பேசிய சுதந்திரம் எழுதும் முறையைப் பற்றியது. எதைப் பற்றி எழுதலாம் என்பதில் பதிப்பாளர், சாதாரண எழுத்தாளரைவிடக் கட்டுண்டவராக இருக்கலாம்.

கைப்பிரதியை யார் பார்ப்பது என்பது மூன்றாவது. பிறர் நூலில் இருபது பக்கத்தை வெட்டச் சொல்கிறவர் தன் நூலில் அதைச் செய்ய ஆள் வைத்துக்கொள்வது அரிது. சம்பளம் வாங்குகிற உதவியாசிரியர் முதலாளியின் நாவலில் கை வைக்கத் தயங்குவார். நீளம் பற்றிய புகார் எழுத்தாளர்-பதிப்பாளர்கள் மேல் அடிக்கடி வருவதற்குத் திறமைக் குறைவைவிட இந்த ஏற்பாட்டுக் குறைவே காரணம் என்று கருத இடமிருக்கிறது. இது பணமில்லாமலும் தீரக்கூடியது: இரண்டு சிறு பதிப்பாளர்கள் தங்கள் கைப்பிரதிகளை மாற்றிக்கொண்டு திருத்தலாம். வழக்கத்தில் அது அதிகம் இல்லை.

இன்னும் முடிவாகாதவை

பதிப்புத் தொழில் எழுத்தைக் கொல்கிறது என்ற பொதுவான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் போதாது. எழுத்தை விடுவிக்கிறது என்பதற்கு வர்ஜீனியா வலுவான ஆதாரம்தான். அவருக்கு ஒரு லெனார்ட் இருந்தார் என்பதால் அது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று தெரியவில்லை. செல்லப்பாவும் ஜீவாவும் காட்டுவது விடாமுயற்சியை. அவர்கள் பின்பற்றிய முறை இன்னொருவருக்கு உகந்ததா என்பது தனிக் கேள்வி. பதிப்பாளராகவும் இருந்த பெண் எழுத்தாளர்களைத் தமிழ்ச் சிற்றிதழ் வரலாறு அதிகம் பேசவில்லை. அவர்களைச் சேர்த்தால் இந்த வரைபடம் மாறக்கூடும்.

ஹோகார்த்தின் தொழில் ஆவணங்கள் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எந்த நூல் எந்த நூலைத் தாங்கியது என்பதை அங்கே ஆய்வாளர் எண்களில் பார்க்க முடியும். தமிழில் இதழ்களும் நூல்களும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பில் புத்தகங்களும் அச்சகக் கணக்குகளும் ராயல்டிக் கடிதங்களும் பெரும்பாலும் அந்தந்த வீட்டுப் பரண்களோடு போகின்றன. பதிப்பாளரின் சொந்த நூல் மற்றவர் நூலுக்குச் சோறு போட்டதா, மற்றவர் நூல் அவருடையதுக்குச் சோறு போட்டதா என்ற கேள்விக்கு, அந்தக் காகிதங்கள் கிடைக்காதவரை இரண்டு தரப்பும் ஊகத்தில்தான் வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். உரிமையாளர் மறைந்த பின் அவர் எழுத்தின் உரிமை யாரிடம், மறுபதிப்பு யார் பொறுப்பு என்பது இதனினும் நெருக்கடியானது. எழுத்தாளரின் பெயரை நம்பியே இயங்கும் இன்றைய பதிப்பகங்கள் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக இதைச் சந்திக்க வேண்டியிருக்கும்.